மூன்றாவது பவானி

நாச்சிமுத்து குடும்பத்தில் பேர் வைப்பதற்கு ஒரு கட்டுத்திட்டம் உண்டு. பேரன் பேத்தி கண்டு, நிறைந்த வயதில் கட்டிலில் படுத்துப் போன பெரியவர்களின் பேரை எத்தனை பிள்ளைகளுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம். பாதி வயதில் போனவர்களின் பேர் மட்டும் அவர்களோடு போய்விட வேண்டும். அதை எடுத்து இன்னொரு பிள்ளைக்கு வைத்தால், பேர் வந்த வழியே திரும்பிப் போய்விடும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. நாச்சிமுத்துவின் தலைச்சன் பிள்ளைக்கு அவருடைய அய்யன் பேரைத்தான் வைத்தார்கள், அர்த்தநாரி என்று. ஐந்து வயதில் வாந்திபேதி அவனை ஒரே பகலில் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அர்த்தநாரி என்ற பேரே கிடையாது. திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற சாமியின் பேரை ஒதுக்கலாமா என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். மனுஷன் அசையவில்லை. அடுத்துப் பிறந்தவனுக்குப் பங்காளி வீடுகளில் யாருக்குமே இல்லாத பேராகப் பார்த்து, சண்முகவேல் என்று வைத்தார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது தெரியாமல் போனால், அவர் பின்னால் செய்ததையெல்லாம் பார்த்துக் கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மல்லசமுத்திரத்துக்காரர்கள் சிலர் சொன்னார்களே, அதையேதான் நீங்களும் சொல்வீர்கள். கிறுக்கெல்லாம் இல்லை. தனக்குத் தெரிந்த நியாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாவம் ஒன்றுதான் அவர் செய்தது.

சண்முகவேல் கப்பலுக்குப் போனது மழையில்லாத கொடுமையால்தான். ஊர்ப்பேரில் இருக்கிற சமுத்திரம் ஊரில் இல்லை. நாலு வருஷமாக ஏரியில் ஆடு மேய்ந்தது. கிணற்றில் அறுபது அடிக்குக் கீழே போய்க் குடத்தைச் சாய்த்து மொண்டுகொண்டிருந்தார்கள். மேட்டாங்காட்டில் போட்ட கடலைக்காய் விதைக்குக்கூடத் திரும்பவில்லை. திருச்செங்கோட்டில் எட்டாவது வரைக்கும் படித்திருந்த பையன், சேலம் வரைக்கும் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், கடற்படையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றான். அது நாற்பதாம் வருஷம் ஆவணி. கல்யாணமாகி எட்டு மாதம்கூட முடியவில்லை. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிக்கொண்டு அடிக்கப் போனார்.

"ஏண்டா, கடலை நீ கண்ணுலயாச்சும் பாத்திருக்கறயா?"

"இல்லீங்க அய்யா. அதுலயாவது தண்ணி இருக்குமில்லீங்க?"

நாச்சிமுத்து செருப்பைக் கீழே போட்டுவிட்டார். அவர் பெண்சாதி காளியாத்தாள் உயிரோடு இருந்திருந்தால் அழுது புரண்டு மகனை நிறுத்தியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகியிருந்தது.

பம்பாயிலிருந்து முதல் காகிதம் வந்தது. நாச்சிமுத்துவுக்கு எழுத்து வாசனை கிடையாது. தபால்காரர் கந்தன்தான் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, படித்தும் காட்டிவிட்டுப் போவார். தன்னைப் போட்டிருக்கிற யுத்தக் கப்பலுக்குப் பவானி என்று பேர் என்றும், நம் பவானி ஆற்றின் பேர்தான் அது என்றும், தனக்கு அடித்தளத்தில் இஞ்சின் பக்கத்தில் வேலை என்றும் சண்முகவேல் எழுதியிருந்தான். ஆற்றின் பேரைக் கேட்டதும் நாச்சிமுத்துவுக்கு மனசு கொஞ்சம் ஆறிற்று. தெரிந்த வீட்டில்தான் பையன் தங்கியிருக்கிறான் என்பதுபோல ஒரு சமாதானம்.

அடுத்த சித்திரையில் லீவில் வந்து இருபது நாள் இருந்தான். அவன் போன பிறகு, நாற்பத்திரண்டாம் வருஷம் தை மாதம், அவன் பெண்சாதி சௌந்திரத்துக்கு ஆண் பிள்ளை பிறந்தது. கந்தனை வைத்துச் சங்கதி எழுதிப் போட்டார்கள். பதில் வந்தது. 'பிள்ளைக்கு யாரும் பேர் வைத்துவிட வேண்டாம். நான் லீவில் வந்து என் மடியில் உட்காரவைத்துப் பேர் வைக்கிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளவும்.'

பொறுத்துக்கொண்டார்கள். பிள்ளையைச் சாமி, சாமி என்றே கூப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளையும் சாமிதான். அதனால் ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

சித்திரை முடிவதற்குள் தந்தி வந்தது. கந்தன் வண்டிப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்ததுமே நாச்சிமுத்து படலுக்கு எழுந்து போனார். கடலில் காணவில்லை, இறந்ததாக நம்பப்படுகிறது என்று அதில் இருந்தது. பின்னாலேயே ஒரு காகிதம். கப்பல் முழுகிவிட்டது என்று.

"நம்பப்படுதா? ஆரு நம்பறா?" என்றார் நாச்சிமுத்து.

"சர்க்காருங்க."

"நம்பறது அவிங்க இஷ்டம். நானும் நம்போணும்னு சட்டமிருக்குதா? எம்பையன் நம்ம கெணத்துல எத்தனை ஆழத்துல குதிச்சு நீந்துனவன், தெரியுமில்ல?"

ஆனாலும் அவர் நம்பத்தான் செய்தார். வாய்தான் அப்படிப் பேசிற்று. பகலில் ஏர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாட்டை நிறுத்திவிட்டு, சால் நடுவில் உட்கார்ந்து அழுவார். அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்வதையே விட்டுவிட்டார். சௌந்திரம் எப்படியும் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். ஆக, சண்முகவேல் என்ற பேர் அந்த வீட்டில் யார் வாயிலும் வராமல் போயிற்று.

சௌந்திரத்துக்குச் சின்னண்ணன் என்று ஒரு அண்ணன். நல்ல மனுஷன், தங்கச்சிமேல் உயிரையே வைத்திருந்தவன். ஒன்றரை வருஷம் பார்த்தான். அதற்குமேல் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அவ தாலியோட இருக்கறாளா இல்லாம இருக்கறாளான்னு அவளுக்கே தெரியலீங்க. ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. பவானிக் கூடுதுறைக்குப் போயிச் செய்யறதைச் செஞ்சு போடலாமுங்க. ஆத்துல மூணு முழுக்குப் போட்டாப் பையனோட உசுராச்சும் அடங்கும்."

நாச்சிமுத்து தை அமாவாசைக்கு என்று ஒப்புக்கொண்டார். சின்னண்ணன் வெள்ளைச் சேலை எடுத்துக்கொண்டு வந்து வைத்தான். சௌந்திரம் அதைத் தொடக்கூட இல்லை. மாமன் சொல்லிவிட்டார், அவ்வளவுதான் என்று அவள் எருமைக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டாள்.

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் கந்தன் அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். கொண்டுவராமல் இருந்திருக்கலாம். நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஓட்டமும் நடையுமாக வந்தார், பாவம்.

"இன்னொருக்கா படி, கந்தா."

"'நமது கடற்படையின் பவானி என்னும் யுத்தக் கப்பல் பர்மாவின் அரக்கான் கரையோரத்தில் எதிரியின் நிலைகள் மீது பீரங்கிப் பிரயோகம் செய்தது.' இவ்வளவுதானுங்க."

"எப்ப?"

"போன வாரமுங்க."

"முழுகுன கப்பலு எப்பிடியப்பா பீரங்கி சுடும்?"

கந்தன் பத்திரிகையை மடித்தார். சின்னண்ணன்தான் மெதுவாகச் சொன்னான். "அது வேற கப்பலா இருக்குமுங்க மாமா. பேரு ஒண்ணா இருக்கலாம்."

நாச்சிமுத்து எழுந்து நின்றுகொண்டார். "மாப்பிள்ளை, நீ வெவரமானவன், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லு. தண்ணியில முழுகி அத்தனை பசங்களையும் கொன்னுபோட்ட ஒரு கப்பலோட பேரை, எந்த மடையனாச்சும் எடுத்து இன்னொரு கப்பலுக்கு வெப்பானா? அதுல ஏறிப் போறவனுக்குப் பெத்தவங்க இல்லியா, பொண்டாட்டி புள்ளை இல்லியா? காட்டுல கெடக்கற நமக்கே இந்த வெவரம் தெரியுது. கப்பல் கட்டறவனுக்குத் தெரியாதா?"

  அங்கே கூடியிருந்த எல்லார் வீட்டிலும் அதே கட்டுத்திட்டம்தான். செத்த பிள்ளையின் பேரை எடுத்து இன்னொன்றுக்கு வைக்கிற கல்நெஞ்சுக்காரர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பேரு உசுரோட இருக்குதுன்னா கப்பலு உசுரோட இருக்குது. கப்பலு இருந்தா எம்பையனும் இருக்கறான். தந்தி தப்பு. சண்டைக்காலத்துல ஆயிரம் தந்தி தப்பாப் போகும்."

சௌந்திரம் கதவோரத்தில் வந்து நின்றிருந்தாள். "மாமா, நெசமுங்களா?"

"நெசம் சாமி. நான் சொல்றனில்ல?"

அவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. அன்றைக்கு அவள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிப் பூ வைத்துக்கொண்டாள். வெள்ளைச் சேலையைச் சின்னண்ணன் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். போகும்போது அவன் தங்கச்சியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாச்சிமுத்து கந்தனைப் பிடித்துக் காகிதம் எழுத வைத்தார். மேல்விலாசம், சண்முகவேல், பவானி கப்பல், பம்பாய். 'பையன் நடக்கிறான். பேர் வைக்க எப்போது வருகிறாய்?' சௌந்திரம் ஒவ்வொரு காகிதத்துக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். பதில் வரவில்லை. யுத்த ரகசியம், கப்பல்காரர்களைக் காகிதம் எழுத விடமாட்டார்கள் என்றார் நாச்சிமுத்து. ஐந்து காகிதம் போயிற்று.

வைகாசியில் பக்கத்துக் காட்டில் ஒரு கல்யாணம். சௌந்திரம் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். இவர்தான் விடாப்பிடியாக, "நீ என்ன தப்புப் பண்ணுனே, அம்மிணி? தாலியோட இருக்கற கட்டுக்கழுத்தி நீ. வா, போலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். சீர்த்தட்டு எடுக்கிற பெண்களோடு அவளும் போய் நின்றாள். கை நீட்டித் தட்டை வாங்கப் போகும்போது, பெண்ணின் அத்தை முத்தாயம்மாள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இவ எந்தச் சேத்தியில நிக்கறா? மொதல்ல அதைச் சொல்லச் சொல்லுங்க."

நாச்சிமுத்து பந்தலில் நின்று கத்தினார். கப்பலைப் பற்றி, பத்திரிகையைப் பற்றி, பேரைப் பற்றியெல்லாம் கத்தினார். கல்யாண வீட்டார் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னார்கள். ஆனால் தட்டை யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழி முழுக்கச் சௌந்திரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வாசலுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க இருக்குதுன்னு சொன்னா எனக்கு இருக்குதுங்க மாமா. அவிங்க சொல்றதை நான் காதுலயே போட்டுக்கலீங்க."

அந்த வார்த்தைக்காகவே தான் சொன்னது மெய்யாக இருக்க வேண்டும் என்று அவர் தெய்வத்தையெல்லாம் வேண்டினார்.

ஐப்பசியில் ஆட்டையாம்பட்டியிலிருந்து ஆள் வந்தது. அங்கே நெசவாளர் வீட்டுப் பையன் தங்கமுத்து என்பவன் பவானி கப்பலில் வேலை பார்க்கிறவன், காலில் அடிபட்டு லீவில் வந்திருக்கிறான். மல்லசமுத்திரத்து நாச்சிமுத்துவிடம் சேர்க்க வேண்டியது ஒன்று தன்னிடம் இருக்கிறது, தன்னால் நடந்துவர முடியாது, அவரை வரச்சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தான்.

சௌந்திரத்துக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இருந்த மாவைப் போட்டு வெல்லம் கரைத்துக் கச்சாயம் சுட்டாள். வாழை இலையில் சுற்றித் துணியில் முடிந்து கொடுத்தாள். மாமனுக்கு வெளுத்த வேட்டி எடுத்து வைத்தாள்.

"மாமா, வேற ஒண்ணும் கேக்க வேண்டாமுங்க. எப்ப லீவுன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. பையனுக்குப் பேரு வெக்கோணுமுங்க."

"கேக்காம வருவனா? இன்னைக்குப் பொழுதுக்குள்ள வாரேன், இரு."

விடிந்தும் விடியாமலும் புறப்பட்டவர், வெயில் ஏறுவதற்குள் ஆட்டையாம்பட்டி போய்ச் சேர்ந்தார். அறுபது வயசுக்காரன் நடந்த நடையா அது! வழியில் கண்டவர்களிடமெல்லாம் பையனிடமிருந்து சேதி வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்.

தங்கமுத்துவுக்கு இருபத்துமூன்று இருபத்துநாலு வயசு இருக்கும். நூல் கிடைக்காமல் சும்மா கிடந்த தறிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். வலது காலில் முழங்கால் வரைக்கும் கட்டு. பெரியவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காருப்பா, உக்காரு. எம்பையன் எப்பிடி இருக்கறான்? என்ன குடுத்தனுப்புனான்?"

தங்கமுத்து அவர் முகத்தைப் பார்க்காமல், தலைமாட்டில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தான். நூல் போட்டுக் கட்டிய ஒரு சின்னக் கட்டை எடுத்துப் பாயின்மேல் வைத்தான். ஐந்து காகிதங்கள். நாலு மூலையிலும் மஞ்சள்.

நாச்சிமுத்து அதை உற்றுப் பார்த்தார். "இது நாங்க போட்டதப்பா."

"ஆமாங்க. பவானின்னு மேல எழுதியிருந்ததால எங்க கப்பலுக்கு வந்துதுங்க. அந்தப் பேருல கப்பல்ல ஆரும் இல்லீங்க. தமிழ்ல இருக்குதுன்னு ஆபீசர் என்னைக் கூப்புட்டுப் படிக்கச் சொன்னாருங்க. படிச்சனுங்க. திருப்பி அனுப்பறதுக்கு மனசு வரலீங்க. நானே கொண்டாந்து குடுக்கலாமுன்னு வெச்சிருந்தேன்."

"அவனை வேற கப்பலுக்கு மாத்தியிருப்பாங்க."

"இல்லீங்க பெரியவரே." தங்கமுத்து பெட்டியை மூடினான். "நாங்க இருக்கறது புதுக் கப்பலுங்க. சீமையில கட்டுனது. போன வருசம்தான் வேலைக்கு வந்துது. இது மூணாவது பவானிங்க. மொதப் பவானி அந்தக் காலத்து ஜெர்மன் சண்டையில பஸ்ரா பக்கம் முழுகிப் போச்சுதுங்க. ரெண்டாவதுலதான் உங்க பையன் இருந்தாருங்க. அது நாப்பத்திரண்டு சித்திரையில வங்காளக் கடல்ல முழுகிப்போச்சுங்க."

நாச்சிமுத்து காகிதக் கட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். 

"ஒண்ணு போனதும் அதே பேரை ரெண்டாவதுக்கு வெச்சாங்களா?"

"ஆமாங்க."

"அதுவும் போனதுக்கு அப்பறம், மூணாவதுக்கும் அதேதானா?"

"அதுக்குத்தானுங்க வெக்கறதே. பேரு முழுகப்படாதுன்னு. எங்க கப்பல்ல நடைக்குப் பக்கத்துல ஒரு மரப்பலகை மாட்டியிருக்குதுங்க. மூணு பவானியும் எந்தெந்தக் கடல்ல, எந்தெந்த வருசம் சண்டை போட்டுதுன்னு பித்தளை எழுத்துல பதிச்சிருக்குது. வாரம் ஒருக்கா நாங்க தொடச்சுப் பளபளன்னு வெப்போமுங்க. பழைய கப்பலு இன்னும் கூடவே வருதுன்னு ஒரு தெம்பு."

"அதுல எம்பையன் பேரு இருக்குதா?"

"இல்லீங்க. ஆள் பேரு ஒண்ணும் இல்லீங்க. கடலும் வருசமும்தான்."

அவருக்கு ஒரு கணம் கோபம் வந்தது. அந்தப் பலகையை அவன் தலையிலேயே போட்டு உடைக்க வேண்டும்போல வந்தது. ஆனால் அவன் யார், இவரைப்போல இன்னொரு ஏழையின் பிள்ளை. கோபம் வந்த சுருக்கில் போய்விட்டது. அது போன இடத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

"ஒருத்தருமே பொழைக்கலியாப்பா?"

"பதினோரு பேரை எடுத்தாங்களாமுங்க. அதுல ஒருத்தன் பஞ்சாபிக்காரன், இப்ப எங்ககூட இருக்கறான். உங்க காகிதத்தைப் படிச்சுட்டு அவன்கிட்டக் கேட்டேன். இஞ்சின் பக்கம் இருந்தவங்க ஒருத்தரும் மேல வரலைன்னு சொன்னானுங்க."

"எம்பையன் கெணத்துல நல்லா நீந்துவான்."

"நீந்தறதுக்கு வெளிய வந்திருக்கோணுமில்லீங்க."

அதைச் சொல்லிவிட்டுத் தங்கமுத்து அழுதான். நாச்சிமுத்துவுக்கு அழுகை வரவில்லை. துணிமுடிச்சை அவிழ்த்துக் கச்சாயத்தை அவன் முன்னால் வைத்தார். "மருமக சுட்டது. நீ தின்னு, சாமி." அப்புறம் எழுந்து நின்றுகொண்டு சொன்னார். "கால் ஆறுனதும் நீ அதுக்குத் திரும்பப் போவாதே. அந்தப் பேரு ஆவாது."

"போகாட்டிப் புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்க பெரியவரே."

திரும்பி வருகிற வழி நீண்டுகொண்டே போயிற்று. காலையில் சேதி சொல்லிவிட்டுப் போனவர்கள் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கி நடந்தார். மழை பெய்திருந்தது. அந்த வருஷம் பார்த்து நன்றாகப் பெய்திருந்தது. சோளம் இடுப்பளவு நின்றது. ஏரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் பையன் வீட்டைவிட்டுப் போயிருக்கமாட்டான். அவர் அந்தப் பயிரைப் பார்த்துக் காறித் துப்பினார்.

மகன் செத்தது புதுச் சேதி இல்லை. அதை அவர் இரண்டரை வருஷத்துக்கு முன்னாலேயே அழுதுவிட்டார். அவர் நெஞ்சை அறுத்தது வேறு. அழுது முடித்துவிட்டு எப்படியோ எழுந்து நிற்கப்போன ஒரு பெண்ணைப் பிடித்து உட்காரவைத்து, இல்லாத புருஷனுக்காகப் பூ வைக்கச் சொன்னது இவர். பந்தலில் கொண்டுபோய் நிறுத்தி அவமானப்பட வைத்தது இவர். இப்போது அதே வாயால் போய், 'இல்லை சாமி, நான் சொன்னது பொய்' என்று சொல்ல வேண்டும். ஒரு சாவை இரண்டு தடவை சாகடிக்க வேண்டும். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார்.

வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? நடக்க நடக்க அவருக்கு ஒரு நினைப்பு வந்தது. சர்க்கார் வைக்கிறதே? முழுகின பேரை எடுத்துத் துடைத்துப் பளபளவென்று இன்னொன்றுக்கு வைக்கிறதே? அவர்களுக்கு அதில் ஒரு தெம்பு இருக்கிறதாமே? அப்படியானால் இவரும் வைக்கலாம். கட்டுத்திட்டமாவது மண்ணாவது! அதைப் பிடித்துக்கொண்டிருந்து கண்டது என்ன? 'அவன் வரமாட்டான் அம்மிணி, ஆனா அவன் பேரு வந்திருச்சு, இந்தா உம்மடியிலயே இருக்குது' என்று சொல்லிவிடலாம். அவளுக்குக் கொடுப்பதற்கு அவரிடம் வேறு ஒன்றுமே இல்லை. பேர் வந்த வழியே போய்விடுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்தது. அதை மிதித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வெயில் தணிந்திருந்தது. வாசலில் பிள்ளை தனியாக விளையாடிக்கொண்டிருந்தான். பனங்காய் வண்டியை ஓட்டிக்கொண்டு, வாயாலேயே உறுமிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினான். சௌந்திரம் கட்டுத்தறியில் பால் கறந்துகொண்டிருந்தாள். கன்றை அதட்டுகிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்து வேலிப்படலைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். அவளிடம் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிடலாம், வாய்க்குப் பழகட்டும் என்று நினைத்தார்.

"சண்முகவேலு."

அவருக்கே கேட்கவில்லை. பிள்ளை வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினான். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, காட்டிலிருக்கிற மகனைச் சோற்றுக்குக் கூப்பிடுவாரே, அதே சத்தத்தில் கூப்பிட்டார்.

"சண்முகவேலூ!"

பிள்ளை திரும்பவில்லை. அது தன்னுடைய பேர் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? கட்டுத்தறியில் சொம்பு உருளுகிற சத்தம் கேட்டது. சௌந்திரம் ஓடிவந்தாள். கையெல்லாம் பால், முந்தானை அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. முகம் அப்படி மலர்ந்து அவர் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. பிள்ளையையும் பார்க்காமல், மாமனையும் பார்க்காமல், இருவரையும் தாண்டிப் படலுக்கு ஓடி, வண்டிப்பாதையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"எங்கீங்க மாமா? எங்க வாராருங்க?"

அவள் பாதையை விட்டு மாமன் பக்கம் திரும்பினாள்.

"கூப்புட்டீங்களே? எங்கீங்க?"

நாச்சிமுத்து கையைத் தூக்கி, பனங்காய் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளையைக் காட்டினார்.

அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மாமனின் மடியில் செருகியிருந்த கட்டைப் பார்த்தாள். மூலையில் மஞ்சள் தெரிந்தது. அது தன் கை தடவின மஞ்சள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. படலை இழுத்துச் சாத்தினாள். கட்டுத்தறியில் கன்று கத்தியது. அவள் வந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பேரு இவனுக்கு வேண்டாமுங்க மாமா" என்றாள்.